மாறியதை மட்டும் அனுப்புதல்

உலகத்துப் பொருள்கள் யாவும் மாறுந் தன்மையன என்பர் பெரியோர். அஃது உண்மையே. ஆயினும் ஒரு பொருள் மாறுங்கால் அதன்கண் மாறுவது சிறிதாகவும் மாறாது நிற்பது பெரிதாகவும் இருத்தலைப் பல இடத்தும் காண்கிறோம். நேற்றைய கால அட்டவணைக்கும் இன்றைய கால அட்டவணைக்கும் உள்ள வேற்றுமை ஒரு பாடவேளையே. சென்ற ஆண்டுப் பாடத்திட்டத்திற்கும் இவ்வாண்டுப் பாடத்திட்டத்திற்கும் உள்ள வேற்றுமை இரண்டொரு நூல்களே. அங்ஙனமாயின், புதியதை வேண்டுவார்க்கு முழுவதையும் மீட்டும் அனுப்புதல் எற்றுக்கு? மாறிய பகுதியை மட்டும் அனுப்பினால் அமையாதோ? வினா எளிதாகத் தோன்றினும், இதற்கு விடை காணக் கணிப்பொறி நூல் வல்லார் ஐம்பது ஆண்டுகளாக உழைத்து வருகின்றனர். அவ்வுழைப்பின் வரலாற்றையும், அதனுட் பொதிந்துள்ள ஓர் உண்மையையும், இணையப் பக்கங்களைக்கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழம்படியின் பயன்

இணையத்தில் ஒரு பக்கத்தைப் படிக்க விரும்புவார் தம் கருவியிலுள்ள பிரௌசரின் வாயிலாக அதனைக் கேட்கின்றார். தொலைவிலுள்ள சர்வர் என்னும் கணிப்பொறி அதனை அனுப்புகின்றது. இவ்விரண்டும் தம்முள் உரையாடும் நெறிமுறைக்கு எச்.டி.டி.பி. என்பது பெயர். வந்த பக்கத்தைப் பிரௌசர் காட்டியவுடன் எறிந்துவிடுவதில்லை. அதன் படியொன்றைத் தன்னிடத்தே வைத்துக்கொள்ளுகின்றது. இங்ஙனம் வைத்துக்கொள்ளும் இடத்தைக் கேஷ் என்பர். அதிலுள்ள படியை நாம் பழம்படி என வழங்குவாம். பலர்க்கும் பொதுவாக வழியிடையே நிற்கும் பிராக்ஸி என்னும் கணிப்பொறிகளும் இவ்வாறே படிகளை வைத்திருத்தல் உண்டு.

பழம்படியால் நன்மையும் உண்டு, கேடும் உண்டு. மாணவர் ஒருவர் விடுமுறைக்குத் தம் சிற்றூருக்குச் சென்றிருக்கிறார் என்று கொள்வோம். அவர் கைப்பேசியில் அன்றாடம் செலவிடத்தக்க தரவு அளவுபட்டது, அலைத்தொடர்போ மெலிந்தது. தேர்வு அட்டவணையை அவர் நாடோறும் பார்க்கவேண்டும். ஒவ்வொரு முறையும் முழுப் பக்கத்தையும் வரவழைத்தால் பொழுதும் பொருளும் வீணாகும். பழம்படியையே பார்த்துக்கொண்டிருந்தாலோ, 18-ந் தேதிக்குரிய தேர்வு 16-ந் தேதிக்கு மாற்றப்பட்டதை அறியாது, தேர்வு முடிந்தபின் ஊரினின்று வந்து நிற்பார். முன்னதிற் போவது காசு. பின்னதிற் போவது ஓராண்டு. ஆகவே, பழம்படியின் எளிமையும் புதுப்படியின் உண்மையும் ஒருங்கே வேண்டப்படுகின்றன.

கையிலுள்ளது எது?

இதற்கு முதலிற் கண்ட உபாயம் தேதியைச் சொல்லிக் கேட்டலாகும். 1996-ம் ஆண்டு மே மாதத்தில் வெளியான எச்.டி.டி.பி. 1.0 நெறிமுறையில் இது கூறப்பட்டுள்ளது. பிரௌசர், “இப்பக்கம் இன்ன நாள் இன்ன நேரத்திற்குப் பின் மாறியிருந்தால் மட்டும் அனுப்புக” என்று கேட்கின்றது. மாறவில்லையெனின், சர்வர் 304 என்னும் எண்ணையுடைய சிறு விடையை மட்டும் அனுப்பும். ‘மாற்றமில்லை’ என்பது அதன் பொருள். பிரௌசர் தன் பழம்படியையே நம்பிக் காட்டும்.

ஆயினும் தேதி முழுதும் நம்பத்தக்கதன்று. அது விநாடியளவில் மட்டுமே குறிக்கப்படுவதால், ஒரே விநாடிக்குள் இருமுறை மாறிய பக்கத்தை அஃது வேறுபடுத்திக் காட்டாது. ஓரெழுத்தும் மாறாமல் மீட்டும் பதிவு செய்யப்பட்ட பக்கமோ தேதியளவிற் புதியதாகத் தோன்றும். இக்குறையை நீக்க, 1997-ம் ஆண்டு ஜனவரியில் வெளியான எச்.டி.டி.பி. 1.1 நெறிமுறையில் ஈடேக் என்னும் அடையாளம் சேர்க்கப்பட்டது. இதனைப் பதிப்பு முத்திரை எனலாம். பக்கத்தை அனுப்பும்போதே சர்வர் அதன்மேல் ஒரு முத்திரையிட்டு அனுப்பும். பக்கம் மாறினால் முத்திரையும் மாறும். பிரௌசர் அடுத்த முறை கேட்கும்போது, “என்னிடத்துள்ள படியின் முத்திரை இது” என்று சொல்லிக் கேட்கும். முத்திரை ஒத்திருந்தால் 304 என்னும் விடை வரும்.

இம்முறையில் மாறாத பக்கத்திற்கு ஆகும் செலவு மிகச் சுருங்கிற்று. ஆனால் ஓரெழுத்து மாறினும் முழுப் பக்கமும் வரவேண்டியதாயிற்று. ‘மாறவில்லை’ என்பதற்கும் ‘அடியோடு மாறிற்று’ என்பதற்கும் இடைப்பட்ட நிலையைச் சொல்ல அந்நெறிமுறையில் வழியில்லை. மேலே கூறிய மாணவருக்கு வேண்டியதோ, 18 என்பது 16 ஆயிற்று என்னும் ஒரு செய்தியே.

பிழைத்திருத்தப் பட்டி

இவ்விடைப்பட்ட நிலைக்கு அச்சுத்தொழிலில் ஓர் ஒப்புமை உண்டு. ஒரு நூல் அச்சாகி வெளிவந்தபின் பிழைகள் காணப்படின், பதிப்பாளர் நூல் முழுவதையும் மீண்டும் அச்சிட்டு வாங்கினார் எல்லோர்க்கும் அனுப்புவதில்லை. “37-ம் பக்கம், 12-ம் வரி: ‘மலை’ என்பதை ‘மாலை’ எனத் திருத்திக்கொள்க” என்பதுபோன்ற வரிகளைக் கொண்ட பிழைத்திருத்தப் பட்டி ஒன்றை அனுப்புகின்றனர். நூல் நானூறு பக்கம். பட்டி ஒரு பக்கம். பட்டியையும் பழைய நூலையும் உடையவர் புதிய நூலையே உடையவராகின்றார்.

ஆனால் இப்பட்டி ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. முதற் பதிப்பிற்குரிய பட்டியை இரண்டாம் பதிப்பை உடையவர் கையிற் கொடுத்தால் என்னாகும்? அவர் நூலில் 37-ம் பக்கம் 12-ம் வரியில் வேறொரு சொல் நிற்கும். அவர் திருத்த முயன்றால் நன்றாயிருந்த வரியும் கெடும். ஆகையால், மாறியதை மட்டும் அனுப்பவேண்டுமெனின், மாறுமுன் இருந்தது இன்னதென்பதில் அனுப்புவோரும் பெறுவோரும் சிறிதும் ஐயமின்றி ஒத்திருத்தல் வேண்டும். இதுவே இத்துறையின் அடிப்படை. இனி வரும் வரலாறு முழுதும் இவ்வொற்றுமையை உறுதிசெய்யும் வழிகளின் வரலாறே.

வேற்றுமை காணும் முறை

முதலில், இரண்டு படிகளுக்குமுள்ள வேற்றுமையைக் கணிப்பொறி எங்ஙனம் காணும் என்பதை ஆராய்வாம். அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிச்சாலையில் டக்ளஸ் மெக்கில்ராய் என்பார் யூனிக்ஸ் இயங்குமுறைக்கென டிஃப் என்னும் நிரலை இயற்றினார். அதன் முறையை விளக்கி, ஜேம்ஸ் ஹன்ட் என்பாருடன் 1976-ம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டார். இரண்டு படிகளிலும் வரிசை மாறாமல் பொதுவாக வரும் பகுதிகளுள் மிக நீண்டதைக் கண்டுபிடித்தலே அதன் உட்பொருள். க, ச, ட, த, ப என்பது பழைய வரிசை என்றும், க, ச, ஞ, த, ப, ம என்பது புதிய வரிசை என்றும் கொள்க. இரண்டிற்கும் பொதுவான மிக நீண்ட வரிசை க, ச, த, ப என்பதாம். ஆகவே, ட நீங்கிற்று. அவ்விடத்து ஞ புகுந்தது. இறுதியில் ம சேர்ந்தது. இம்மூன்று செய்திகளே வேற்றுமைக் குறிப்பாகும்.

வரிகளை மட்டுமன்றி எவ்வகைத் தரவையும் இங்ஙனம் குறிக்க, ‘படியெடு’, ‘சேர்’ என்னும் இரண்டு கட்டளைகள் பெரும்பாலும் போதுமானவை. ஒரு பக்கம் 40,000 பைட்டு அளவுடையது என்க. அதன் 25,000 பைட்டுக்குப் பின்னிருந்த 80 பைட்டு நீங்கி, அவ்விடத்தில் 120 பைட்டு புதிதாக வந்தது. வேற்றுமைக் குறிப்பு பின்வருமாறு அமையும்: பழம்படியின் தொடக்கத்திலிருந்து 25,000 பைட்டைப் படியெடு, இந்த 120 பைட்டைச் சேர், பழம்படியின் 25,080-வது இடத்திலிருந்து எஞ்சிய 14,920 பைட்டைப் படியெடு. மொத்தம் 40,040 பைட்டு உடைய புதுப்பக்கம் உருவாயிற்று. கட்டளைகளுக்காகும் சில பைட்டுகளையும் கூட்டினால், அனுப்பப்பட்டது ஏறக்குறைய 150 பைட்டே. விநாடிக்கு 28,800 பிட்டு செல்லும் பழைய தொலைபேசி மோடத்தில் முழுப் பக்கம் வந்துசேர 11 விநாடி செல்லும். இக்குறிப்போ ஒரு விநாடியின் இருபத்துநான்கில் ஒரு பங்கிற்குள் வந்துவிடும்.

தமிழ்ப் பக்கங்களுக்கு இதில் தனிப்பட்ட பயன் ஒன்றுண்டு. இணையத்திற் பெருவழக்காயுள்ள யூ.டி.எஃப்.-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு போதும். தமிழுக்கோ உயிர், மெய்க்குரிய வடிவம், புள்ளி, துணையெழுத்து ஆகிய ஒவ்வொன்றுக்கும் மும்மூன்று பைட்டு வேண்டும். ‘அம்மா’ என்னும் சிறுசொல் அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகளாய்ப் பதினைந்து பைட்டைக் கொள்ளுகின்றது. எனவே, தமிழ்ப் பக்கத்தின் மாறாத பகுதியை மீட்டும் அனுப்பாது விடுவதால் வரும் மிச்சம் பெரிது.

1997-ம் ஆண்டின் ஆராய்ச்சியும் 2002-ம் ஆண்டின் நெறிமுறையும்

இணையப் பக்கங்களுக்கு இம்முறை எவ்வளவு பயன்படும் என்பதை ஜெஃப்ரி மோகல், ஃபிரெட் டக்ளிஸ், ஆன்யா ஃபெல்ட்மன், பாலச்சந்தர் கிருஷ்ணமூர்த்தி என்னும் நால்வர் ஆராய்ந்தனர். மோகல் டிஜிட்டல் நிறுவனத்தையும், ஏனை மூவர் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தையும் சார்ந்தவர்கள். அவர்கள் கற்பனைக் கணக்கோடு நில்லாது, உண்மையில் மக்கள் பார்த்த பக்கங்களின் போக்குவரத்துப் பதிவுகளையே எடுத்து ஆராய்ந்து, 1997-ம் ஆண்டில் பிரான்சு நாட்டுக் கான் நகரில் நடந்த சிக்காம் மாநாட்டிற் கட்டுரை வெளியிட்டனர். பழம்படி கையிலிருக்கும்போது மீட்டும் கேட்கப்படும் பக்கங்களிற் பலவற்றிற்கு வேற்றுமைக் குறிப்பு சிறந்த பயன் தருமென்பது அவர்கள் கண்ட முடிவு.

அதன் பயனாக, அந்நால்வரும் வேறு சிலரும் சேர்ந்து ஆக்கிய நெறிமுறை, ஆர்.எஃப்.சி. 3229 என்னும் எண்ணோடு 2002-ம் ஆண்டு ஜனவரியில் வெளியாயிற்று. அதன்படி உரையாடல் நிகழுமாறு வருமாறு: பிரௌசர், தன்னிடத்துள்ள படியின் பதிப்பு முத்திரையையும், தான் புரிந்துகொள்ளத்தக்க வேற்றுமைக் குறிப்பு வகைகளையும் சொல்லிக் கேட்கும். சர்வர் அம்முத்திரைக்குரிய பழம்படியைத் தன்னிடத்தும் வைத்திருந்தால், இரண்டையும் ஒப்பிட்டுக் குறிப்பு எழுதி அனுப்பும். அவ்விடையில், இஃது எந்தப் பழம்படிமேல் இயற்றப்பட்டது என்பதும், திருத்தியபின் கிடைக்கும் புதுப்படியின் முத்திரை யாதென்பதும் குறிக்கப்பட்டிருக்கும். குறிப்பை எழுதுதற்குரிய வி.சி.டிஃப் என்னும் அமைப்பும் அவ்வாண்டிலேயே ஆர்.எஃப்.சி. 3284 ஆக வெளிவந்தது.

இந்நெறிமுறையில் ஒரு நுட்பம் போற்றத்தக்கது. வழக்கமான வெற்றி விடையின் எண் 200. வேற்றுமைக் குறிப்பையும் 200 என்னும் எண்ணோடே அனுப்பினால், இம்முறையை அறியாத பிராக்ஸி அக்குறிப்பையே முழுப் பக்கமென மயங்கிச் சேமித்துப் பிறர்க்கு வழங்கிவிடும். புத்தகம் கேட்டவருக்குப் பிழைத்திருத்தப் பட்டியை நீட்டுவதுபோலாகும் அது. இம்மயக்கம் நேராவண்ணம் 226 என்னும் தனி எண் ஏற்படுத்தப்பட்டது. அவ்வெண் இன்றளவும் நெறிமுறைப் பட்டியலில் உள்ளது.

பரவாமைக்குக் காரணம்

இவ்வளவு செம்மையாக வகுக்கப்பட்ட முறை இணையமெங்கும் பரவியிருக்கவேண்டுமன்றோ? பரவவில்லை. காரணங்களை ஆராய்வோமாயின், அவற்றுள் தலையாயது சர்வரின்மேல் ஏற்றப்பட்ட நினைவுச்சுமை என்பது விளங்கும். ஒருவர் நேற்றுப் பார்த்த படியை வைத்திருப்பார். ஒருவர் சென்ற வாரத்துப் படியை. மற்றொருவர் சென்ற மாதத்துப் படியை. மூவர்க்கும் மூன்று பட்டிகள் வேண்டும். அவற்றை எழுத மூன்று பழம்படிகளையும் சர்வர் காத்திருக்கவேண்டும். மேலும், காண்பார் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரும் கணக்கும் சேர்த்து அப்போதைக்கப்போது புனையப்படும் பக்கங்கள் பெருகின. அவற்றிற்குப் பொதுவான பதிப்பு என்பதே இல்லையாயிற்று.

அஃதன்றி, ஜிசிப் போன்ற சுருக்க முறைகள், பழையதொன்றையும் நினைவில் வைக்காமலே பக்கத்தின் அளவைப் பெரிதும் குறைத்தன. இணைப்புகளின் வேகமும் ஆண்டுதோறும் உயர்ந்தது. சிறுசெலவிற் பெரும்பகுதி மிச்சம் கிடைக்கும்போது, எஞ்சியதற்காகப் பெருஞ்சுமை தாங்க முன்வருவார் சிலரே.

நினைவில்லாத சர்வர்

அனுப்புவோர் பழம்படியை வைத்திருந்தே தீரவேண்டுமோ? வேண்டுவதில்லை என்பதை, ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆண்ட்ரூ ட்ரிஜல், பால் மெக்கரஸ் என்னும் இருவர் 1996-ம் ஆண்டிலேயே காட்டினர். அவர்களது முறைக்கு ஆர்சிங்க் என்பது பெயர்.

அதன் செயல்முறை வியக்கத்தக்கது. பழம்படியை உடையவர் அதனைச் சமமான துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு அடையாள எண்களைக் கணித்து அனுப்புகின்றார். ஒன்று விரைவிற் கணிக்கத்தக்க 32 பிட்டு எண். மற்றொன்று உழைப்பு மிகுந்த, ஆனால் உறுதியான 128 பிட்டு எண். புதுப்படியை உடையவர் அவ்வெண்களைக் கையில் வைத்துக்கொண்டு, தம் படியில் ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து ஒப்பிட்டுச் செல்லுகின்றார். விரைவெண்ணின் சிறப்பு யாதெனின், துண்டு ஒரு பைட்டு நகரும்போது எண்ணை முதலிலிருந்து கணிக்கவேண்டுவதில்லை. பின்னே விடுபட்ட பைட்டைக் கழித்து முன்னே புகுந்த பைட்டைச் சேர்த்தால் போதும். விரைவெண் ஒத்தவிடத்தில் மட்டும் உறுதியெண்ணைக் கணித்து நோக்குவர். அதுவும் ஒத்தால், “உம் இன்ன துண்டை இங்கு வைத்துக்கொள்ளும்” என்பது செய்தி. ஒவ்வாதவற்றை மட்டும் முழுமையாக அனுப்புவர்.

இங்கு அனுப்புவோருக்குப் பழம்படி தேவையேயில்லை. பெறுவோர் தம்மிடத்துள்ளதைத் தாமே எண்களால் விவரித்துவிட்டனர். ஆனால் அவ்விவரத்தை முதலில் அனுப்பவேண்டியிருத்தலால், இச்சுமை பெறுவோர் பக்கம் மாறிற்று எனலாம். பெருங்கோப்புகளுக்கு இஃது இலேசு. சிறுபக்கங்களுக்கு அவ்வளவு ஆதாயமில்லை. ஆதலின் ஆர்சிங்க், கணிப்பொறிக்குக் கணிப்பொறி கோப்புகளை ஒத்துவைக்கும் பணியிற் புகழ்பெற்று இன்றும் வழங்குகின்றது.

கைப்பேசிச் செயலிகளும் இவ்வழியில் வந்தவையே. கொலின் பெர்சிவல் என்பார் 2003-ம் ஆண்டில் இயற்றிய பி.எஸ்.டிஃப் என்னும் முறை, நிரற்கோப்புகளின் வேற்றுமையைச் சிறிதாக எழுதவல்லது. கூகுள் பிளே 2016-ம் ஆண்டில் அதனைச் செயலிகளின் புதுப்பிப்புக்கு எடுத்துக்கொண்டது. செயலியின் பதிப்புகள் எண்ணிக்கையிற் குறைவு; எல்லோர்க்கும் பொது. எனவே, இணையப் பக்கங்களுக்குத் தடையாயிருந்த பன்மை அங்கில்லை.

அண்மைக் காலத்து முயற்சி

கைவிடப்பட்டதாகத் தோன்றிய கருத்து வேறுருவில் இணையப் பக்கங்களுக்கும் மீண்டது. சுருக்கும் முறைகள் முன் வந்த சொற்றொடர் மீண்டும் வரும்போது, “முன்னர்க் கூறியதே” என்று சுட்டிச் செல்லுவன. அங்ஙனமாயின், பழம்படியையே ‘முன்னர்க் கூறியது’ எனக் கொண்டு புதுப்படியைச் சுருக்கினால், கிடைப்பது தானே வேற்றுமைக் குறிப்பாகும். இதனை அகராதிவழிச் சுருக்கம் என்பர். கூகுள் நிறுவனத்தார் 2008-ம் ஆண்டில் எஸ்.டி.சி.எச். என்னும் பெயரால் முன்மொழிந்த இவ்வகை முறை, குரோம் பிரௌசரில் வழங்கிப் பின் 2017-ம் ஆண்டில் நீக்கப்பட்டது. அக்கருத்தைத் திருத்தி அமைத்த நெறிமுறை 2025-ம் ஆண்டில் ஆர்.எஃப்.சி. 9842 ஆக வெளிவந்துள்ளது.

இதில் பிரௌசர் தன் பழம்படியின் அடையாளமாகச் சொல்லுவது, அப்படியின் ஒவ்வொரு பைட்டிலிருந்தும் கணிக்கப்படும் 256 பிட்டு எண்ணை. அதனைப் படியின் கைரேகை எனலாம். ஒரு பைட்டு வேறுபட்டாலும் எண் வேறாகும். ஆகவே, இரண்டாம் பதிப்பினர் கையில் முதற் பதிப்பின் பட்டி அகப்படுதல் இங்கு இயலாததற்கு ஒப்பாகும்.

பாதுகாப்பும் இதில் எண்ணப்பட்டுள்ளது. மறைபொருளொன்றையும் பகைவன் புகுத்திய சொல்லையும் சேர்த்துச் சுருக்கினால், விளையும் நீளத்தை அளந்தே மறைபொருளை ஊகிக்கலாம் என்பதை 2013-ம் ஆண்டில் வெளியான பிரீச் என்னும் தாக்குமுறை மெய்ப்பித்தது. மேலும், ஒருவர் எந்தப் படியை வைத்திருக்கிறார் என்பதே அவரை இன்னாரென்று அடையாளங் காட்டிவிடக்கூடும். இவை கருதி, ஒரு தளத்தின் பழம்படி அத்தளத்தின் பொருட்டு மட்டுமே அகராதியாகப் பயன்படுமாறு கட்டுப்பாடு விதிக்கப்பட்டுள்ளது. கையிலுள்ளதைச் சொல்லுதல் நன்றே. யாரிடம் சொல்லுகிறோம் என்பதையும் நோக்கல்வேண்டும்.

முடிவுரை

இதுகாறுங் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். தேதி, பதிப்பு முத்திரை, துண்டுகளின் எண்கள், கைரேகை என வந்த இவையெல்லாம், “என்னிடத்துள்ளது இது” என்பதை மேன்மேலும் பிழையறச் சொல்லும் வழிகளே. வேற்றுமையைக் கண்டெழுதும் கலை 1976-ம் ஆண்டிலேயே கைவந்துவிட்டது. அதன்பின் கழிந்த காலம் பெரும்பாலும் இருபாலாரையும் ஒருமைப்படுத்துவதிற் கழிந்தது. சிறிதனுப்பிப் பெரிதுபெறும் இவ்வித்தையின் விலை, அந்த ஒருமைப்பாட்டைக் காக்கும் உழைப்பேயாகும். அவ்விலை எங்குக் கட்டுபடியாயிற்றோ அங்கு முறை நிலைத்தது. ஆகாதவிடத்து எத்துணைச் செம்மையாயினும் ஏட்டில் நின்றது.

நம் மாணவரை மீண்டும் நினைவோமாக. அவர் கைப்பேசி, “என்னிடத்துள்ள அட்டவணையின் அடையாளம் இது” என்று ஒரு வரி சொல்லும். சர்வர், “18 என்பதை 16 எனத் திருத்திக்கொள்க” என்று ஒரு வரி விடுக்கும். இரண்டு வரிகளில் ஓராண்டு காப்பாற்றப்படும். அதற்கு வேண்டுவது, முதல் வரி உண்மையாயிருத்தலே. தம்மிடத்துள்ளது இன்னதென்று பிழையின்றிச் சொல்லுவார்க்கு இல்லாததை மட்டும் கொடுத்தல் எளிது. இது கணிப்பொறிகளுக்கு மட்டுமேயுரிய விதியன்று என்பதை, ஆசிரியர் முன் அமர்ந்து “எனக்கு இதுவரை விளங்கிற்று” என்று சொல்லக் கற்ற மாணவர் யாவரும் அறிவர்.